வண்டிக்குத் தைத்த லைனிங்

மார்கழி பிறந்தால் சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மலர்விழியின் தையல் கடையில் பூட்டுத் தொங்கும். பூட்டுக்குக் கீழே ஓர் அட்டை: ‘மலைக்குப் போயிருக்கிறோம். பொங்கலுக்கு வந்துவிடுவோம். அவசரம் என்றால் எதிர்க்கடை.’ எதிர்க்கடைக்காரரும் தையல்காரர்தான். தன் வாடிக்கையைத் தானே போட்டிக் கடைக்கு அனுப்பிவைக்கும் இந்த அட்டையைப் பற்றி யார் கேட்டாலும் மலர்விழி ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“ஒரு மாசம் அந்தாளு தெக்கட்டும். அப்பதான் தை மாசம் எங்கிட்ட ஓடியாருவாங்க.”

மலர்விழிக்கு நாற்பத்தாறு வயது. யாரிடமும் உட்கார்ந்து தையல் படித்தவர் இல்லை. கல்யாணமான புதிதில், நன்றாகத் தைத்த ஜாக்கெட் எங்கே கிடைத்தாலும் கேட்டு வாங்கி, நூலை மட்டும் அறுத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, செய்தித்தாளில் வைத்து வரைந்துகொண்டு, மறுபடி தைத்துத் திருப்பிக் கொடுப்பார். அப்படித் தொண்ணூறு ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் படித்தது அவர் கை. இன்றும் ஒன்று புரியவில்லை என்றால் அவர் முதலில் தேடுவது நூல் பிரிக்கும் ஊசியைத்தான்.

மலைக்குப் போகும் வண்டி ஒரு பழைய ஸ்கூல் வேன். பள்ளிக்கூடம் அதைக் கழித்தபோது, பதினோரு வருடம் அதை ஓட்டிய பகலவனே வாங்கிக்கொண்டார். பகலவன் மலர்விழியின் கணவர். இருவருமாக இருக்கைகளைக் கழற்றினார்கள். ஜன்னலோரம் கால் மெஷின், குறுக்கே துணி தொங்கவிட ஒரு கம்பி, பின்பக்கம் இருவர் படுக்கப் பலகைக் கட்டில், அதன் அடியில் பாத்திரங்கள் என்று அது வீடாயிற்று. மஞ்சள் பெயின்டை மட்டும் மாற்றவில்லை. பின்கதவில் ‘கவனம், குழந்தைகள் இறங்குகிறார்கள்’ என்று இன்னும் இருக்கிறது. பகலவன் தொப்பையோடு அந்தக் கதவால் இறங்கும்போதெல்லாம் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் வீரமுத்து அதைச் சத்தமாகப் படிப்பார்.

அந்த டீக்கடை கரியாலூரிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், ஒரு பலாமரத்தின் பக்கத்தில் இருக்கிறது. நான்கு வருடமாக வேன் நிற்பது அந்த மரத்தடியில்தான். அதற்கு முன் சுற்றுவட்டத்தில் இருக்கிற பெண்கள் ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கவும், அதை வாங்கவும், சரியில்லை என்றால் திருத்தவும் மூன்று தடவை பஸ் ஏறி மலையிறங்க வேண்டியிருந்தது. இப்போது நடந்து வருகிறார்கள். பொங்கல் துணியும் தை மாதக் கல்யாணத் துணியும் சேர்ந்துகொள்வதால் மார்கழியில் மெஷின் ஓயாது.

பகலில் எல்லாம் சுகம்தான். சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. மரவள்ளிக் காட்டின் பக்கமிருந்து பனி இறங்கி வரும். எதிரே இருக்கும் டீக்கடை விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். தகரத்தில் செய்த வண்டி, பகலில் வாங்கிய சூட்டை அரை மணி நேரத்தில் விட்டுவிட்டு உள்ளே இருப்பவர்களின் உடம்புச் சூட்டையும் கேட்கும்.

சென்ற மார்கழியில் அந்தக் குளிரோடு ஈரமும் சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய நீர், கம்பியில் தொங்கிய ஒரு மஞ்சள் ஜாக்கெட்டின் முதுகில் விழுந்தது. காய்ந்த பிறகும் வட்டம் வட்டமாகக் கறை. பூசண வாசனை வேறு. அந்த ஜாக்கெட் கோகிலவாணி என்பவருடையது. கோகிலவாணிக்கு செல்லியம்மாள் என்று ஓர் அக்கா உண்டு என்பது மலர்விழிக்கு அப்போது தெரியாது.

இந்த வருடம் ஒரு வாரம் தாமதமாக வேன் வந்து நின்ற மறுநாளே செல்லியம்மாள் வந்துவிட்டார். கையில் பெரிய துணிமூட்டை. வண்டிக்குள் ஏறியவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“போன வருசம் எந்தங்கச்சி ஜாக்கெட்டு மழையில நனைஞ்ச ஆடு மாரி நாறுச்சு. சாமி கும்புட நின்னா பக்கத்துல நின்னவ நகந்து போனா. நீதான அந்தத் தையக்காரி?”

“நான்தாங்க்கா,” என்றார் மலர்விழி. மறைக்கத் தோன்றவில்லை.

“எம்பொண்ணு எழில்மதிக்குத் தையில கல்யாணம். பொண்ணுக்கு மூணு, சொந்தக்காரிங்களுக்குப் பதினஞ்சு. அத்தனையும் ஒரே அரக்குக் கலரு. கையி உனக்கு நல்ல கையின்னு ஊரே சொல்லுது, அதனால குடுக்கறன். போகியன்னிக்குக் காலைல பதினெட்டும் எனக்கு வேணும். ஒண்ணுல, ஒரே ஒண்ணுல ஒரு சொட்டுக் கறை இருந்துச்சுன்னா, இந்த மலைல ஒரு பொம்பளயும் உங்கிட்டத் துணி குடுக்க மாட்டா. நான் பாத்துக்கறன்.”

அவர் சொன்னால் நடக்கும் என்று வீரமுத்து டீ ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். பட்டு மாதிரி இருக்கும் அந்த அரக்குத் துணியை மலர்விழி விரலால் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு விரலளவு வெட்டி, விரல்நுனியில் நீர் தொட்டு வைத்தார். அது காய்ந்ததும் விளிம்பு கட்டி ஒரு வட்டம் நின்றது. வட்டம் போகவே இல்லை.

அன்று சாயங்காலம் மலர்விழியும் பகலவனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். தையல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. தையல்காரர் கண்ணுக்கு இடுக்கு ஆகாது. வெட்டி மிச்சமான துண்டுத் துணி மூட்டையாக இருந்தது. வண்டியில் இருக்கிற இடுக்கிலெல்லாம் அதைத் திணித்து அடைத்தார்கள். ஜன்னல் கண்ணாடியின் ஓரங்கள், கதவின் அடி, இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் தரையில் இருந்த முப்பத்திரண்டு போல்ட் ஓட்டைகள். கூரையின் பின்பக்கம் காற்றுக்கென்று தூக்கி வைக்கும் ஒரு மூடி இருந்தது. அதற்கு மலர்விழி உறை தைத்து இழுத்துக் கட்டினார். பனி வெளியிலிருந்துதானே வருகிறது, வழியை அடைத்தால் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம்.

“கொசு கூட டிக்கெட்டு வாங்கிக்கினுதான் வரணும்,” என்றார் பகலவன்.

அவர் குளிர் தாங்காதவர். மப்ளருக்கு மேல் துண்டும், துண்டுக்கு மேல் போர்வையுமாகப் படுப்பவர். அன்றிரவு முதல் தடவையாகத் துண்டைக் கழற்றினார். வண்டி கதகதவென்று இருந்தது. உள்ளேயே சோறு வடித்தார்கள், உள்ளேயே ரசம் கொதித்தது, கழுவிய சட்டையையும் உள்ளேயே காயப்போட்டார்கள்.

காலையில் கூரை முழுவதும் முத்து முத்தாக நீர். ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். துண்டுத் துணிகள் பிழிந்தால் வடிந்தன. நல்லவேளையாக அரக்குத் துணி இன்னும் மூட்டைக்குள்ளேயே இருந்தது. மலர்விழி ஒரு வெட்டுத்துண்டை மட்டும் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். அதை மேசையில் விரித்து, தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். காய்ந்த துணியில் சாக்பீஸ் கோடு வெள்ளையாக, நூல் பிடித்தாற்போல் விழும். ஈரம் ஏறிய துணியில் வழுக்கும், மங்கும். கோடு பாதியிலேயே மங்கிப்போனது.

“நாம அடச்சது பனிய இல்லிங்க,” என்றார். “நம்ம மூச்சயும் ரசத்தயும் உள்ள போட்டு மூடி வச்சிருக்கறோம்.”

“அதுக்கு?”

“ஜன்னலத் தொறக்கணும்.”

“தொற. எனக்கு மால வாங்கிக்கினு வந்துட்டு அப்புறம் தொற.”

அன்றிரவு மலர்விழி இரண்டு பக்க ஜன்னலையும் முழுதாகத் திறந்து பார்த்தார். பனி நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தது. சாக்பீஸ் கோடு அன்றும் மங்கல்தான். பகலவன் பல் தந்தியடிக்க எழுந்து, வீரமுத்து அடுப்புப் பற்றவைக்கும் வரை சாலையில் நடந்துகொண்டிருந்தார்.

அதனால்தான் மூன்றாம் நாள் இரவு மலர்விழி தூங்கிய பிறகு பகலவன் ஒன்று செய்தார். கரி இஸ்திரிப் பெட்டியில் அன்றைய கங்கு மிச்சம் இருந்தது. புகை இல்லை, செக்கச்செவேலென்று கங்கு மட்டும். ஜன்னலை எல்லாம் பழையபடி அடைத்துவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தார். இத்தனை நல்ல சூட்டை வெளியே கொட்டுவானேன் என்பது அவர் நினைப்பு.

மலர்விழியை எழுப்பியது ஒரு சொட்டு நீர். கூரையிலிருந்து நேராக அவர் நெற்றியில் விழுந்தது. கண் திறந்தபோது தலை கல்லாகக் கனத்தது. எழுந்து உட்கார்ந்தால் வண்டி சுற்றியது. துணியில் சொட்டுகிறதே என்ற ஒரே எண்ணத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்ததும்தான் நெஞ்சு மூச்சை இழுத்தது. திரும்பிப் பகலவனைத் தட்டினார். அவர் எழவில்லை. கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்கு முனகினார். அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார வைத்தபோது அவர் வாந்தி எடுத்தார். அதற்கப்புறம்தான் மலர்விழிக்கு அழுகை வந்தது.

காலையில் நர்ஸ் ரம்யா வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர். திருத்துவதற்கு இரண்டு ஜாக்கெட் கொண்டுவந்திருந்தார். பகலவன் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதும் ஜாக்கெட்டைக் கீழே வைத்தார்.

“இஸ்திரிப் பெட்டிய உள்ள வச்சிக்கினு, கதவ சாத்திக்கினு தூங்குனீங்களா?”

“பொகயே இல்லம்மா,” என்றார் பகலவன் பலவீனமாக. “வெறும் கங்குதான்.”

“பொக இருந்தா இருமி எழுந்துருப்பீங்க. அதுக்கு வாசனயும் கெடயாது, நெறமும் கெடயாது. அப்டியே தூக்கத்துலயே கூட்டிக்கினு போயிடும். கரி, அடுப்பு, ஸ்டவ்வு எதுவா இருந்தாலும் மூடுன வண்டில ராத்திரிக்கு வைக்கவே கூடாது. ஒரு ஜன்னலு தொறந்திருந்தா கூட வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பகலவன் ரம்யா தலையில் அடிக்கப் போனார், அவர் நகர்ந்துகொண்டார். கடைசியில் மெஷின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். இருவரையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய், டாக்டர் பார்த்து, மத்தியானம் வரை இருத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து இஸ்திரிப் பெட்டி டீக்கடையில் தூங்குகிறது. சமையலும் வண்டிக்கு வெளியே, தார்ப்பாய் கட்டிய மறைப்பில் நடக்கிறது. அதற்கு முன் வண்டியில் ஏறியிருந்த ஈரத்தில் பாதி ரசத்தினுடையது என்று பின்னால் தெரிந்தது.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று மலர்விழிக்கு அன்று தெரியவில்லை. திறந்தால் பனி, அடைத்தால் நீர். பதினெட்டு ஜாக்கெட்டில் நான்குதான் வெட்டியிருந்தார். அதையும் டிபன் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். இன்னும் பதினாறு நாள்.

வேலையில் மனத்தைத் திருப்பலாம் என்று ரம்யாவின் ஜாக்கெட்டுகளை எடுத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரித் துணி. ஒன்று அவரே இரண்டு வருடத்துக்கு முன் லைனிங் வைத்துத் தைத்தது. மற்றது ரம்யா வேறெங்கோ அவசரத்துக்குத் தைக்கக் கொடுத்தது; லைனிங் இல்லை, உடம்போடு ஒட்டிய தையல், அக்குளில் இடமே விடவில்லை. அதன் அக்குள் இரண்டிலும் வேர்வை உப்புப் பூத்து வெள்ளை வட்டங்கள். அவர் தைத்ததில் ஒரு கறையும் இல்லை.

மலர்விழி நூல் பிரிக்கும் ஊசியை எடுத்து இரண்டையும் பிரித்தார். பிரித்துப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேர்வை இரண்டிலும் ஒன்றுதான், ஒரே உடம்பு. லைனிங் வைத்ததில் உடம்புக்கும் மேல்துணிக்கும் நடுவே ஒரு துணி. அதற்கும் மேல்துணிக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று. அக்குளில் வைர வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தார், கை தூக்கினால் காற்றுப் போக. அவர் அண்ணாந்து வண்டியின் கூரையைப் பார்த்தார்.

“இன்னாங்க,” என்று கூப்பிட்டார். “இந்த வண்டி லைனிங் இல்லாத ஜாக்கெட்டுங்க. அக்குள்ள இடமும் இல்ல.”

மரத்தடியில் படுத்திருந்த பகலவன் வீரமுத்துவைப் பார்த்தார். “கரிப் பொக இன்னும் எறங்கல போலக்குது,” என்றார்.

அடுத்த மூன்று நாள் மலர்விழி கல்யாணத் துணியைத் தொடவில்லை. வண்டியை நாடாவால் அளந்தார். நீளம், அகலம், ஜன்னல்களின் இடைவெளி, கூரையின் வளைவு எல்லாம் செய்தித்தாளில் ஏறியது. வீரமுத்து சொல்லி மரவள்ளிக் கிழங்கு மூட்டை கட்டும் பழைய சாக்குகள் வந்தன. இரண்டு சாக்குகளுக்கு நடுவே துண்டுத் துணியைப் பரப்பி, குறுக்கும் நெடுக்கும் தைத்து மெத்தை மாதிரி ஆக்கினார். வண்டிச் சுவரில் பகலவன் இரண்டு விரற்கடை தடிமனுக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். தகரத்தைத் தொடாமல், அந்தச் சட்டத்தின் மேல் சாக்கு மெத்தை தொங்கியது. அடி விளிம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியே விட்டார்.

“அத மட்டும் இன்னாத்துக்குக் கொறயா வுட்ட? துணி பத்தலயா?” என்றார் பகலவன்.

“தகரத்துல நிக்கற தண்ணி வழிஞ்சி எறங்கணும்ல. பாவாட தரயத் தொட்டா ஓரம் நனையுமா நனையாதா?”

கூரைக்கும் அப்படியே. ஆனால் மேலே தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவே யூரியா பையைப் பிரித்துத் தைத்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் மேடாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும். சொட்டு விழுந்தால் அதன் மேல் உருண்டு சுவர்ப் பக்கம் போய் இறங்க வேண்டும். இறங்குகிற நீர் தரையில் இருக்கிற போல்ட் ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். அதற்காகச் சுவரோரத்து ஓட்டைகளை அடைத்திருந்த துணியைப் பிடுங்கினார். கடைசியாகக் கூரையின் காற்று மூடிக்குத் தானே தைத்த உறையையும் அவிழ்த்து, மூடியை நான்கு விரல் தூக்கி, மழை இறங்காதபடி மேலே ஒரு தகரத் தொப்பி வைக்கச் சொன்னார். கீழே சின்ன ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து வரும், மூச்சின் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும்.

இந்த நேரத்தில்தான் செல்லியம்மாள் வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வந்தார். மலர்விழி சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

“எந்துணி எங்க?”

“டப்பால இருக்குதுங்க்கா.”

“இது யாருக்கு?”

“வண்டிக்கு.”

செல்லியம்மாள் வீரமுத்து கடை பெஞ்சில் உட்கார்ந்தார். “எம்பொண்ணுக்குக் கல்யாணம்னு துணி குடுத்தா, இவ வண்டிக்கு ஜாக்கெட்டுத் தெக்கிறா. மாப்ள யாரு? லாரியா?”

“வண்டிக்கு இன்னும் ஹூக்கு வைக்கலங்க,” என்றார் பகலவன்.

சிரிப்பு அடங்கியதும் செல்லியம்மாள் மலர்விழியிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “நான் சொன்னது சொன்னதுதான். போகி.”

அன்றிரவு வண்டியில் எட்டு இடத்தில் எட்டு அரக்குத் துண்டுகளைத் தொங்கவிட்டுப் படுத்தார்கள். காலையில் ஒவ்வொன்றாக மேசையில் விரித்துக் கோடு இழுத்தார் மலர்விழி. ஆறில் கோடு நூல் பிடித்தாற்போல் விழுந்தது. டிரைவர் இருக்கையின் பக்கம் தொங்கிய இரண்டில் மங்கியது. அங்கே முன்கண்ணாடி நீராகக் கொட்டியிருந்தது. கண்ணாடிக்கு லைனிங் போட முடியாது. மலர்விழி அந்த இரண்டு துண்டுகளையும் மடித்து வைத்தார்.

“நனையறதுக்கும் ஒரு எடம் வேணுமில்ல. அது அங்கயே நனையட்டும்.”

இருக்கைக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை கனமான ஒரு திரை தைத்து மாட்டினார். கண்ணாடி வேர்க்கும் இடம் தனி, துணி இருக்கும் இடம் தனி. காலையில் கண்ணாடியைத் துடைத்துத் துணியை வெளியே பிழிவது பகலவன் வேலை. ஒரு நாளைக்கு அரை டம்ளர் வரும். அதை டம்ளரில் பிடித்து வீரமுத்துவுக்குக் காட்டுவார்.

குளிருக்கும் வழி கிடைத்தது. கட்டிலில் படுக்கைக்கு அடியில் பலகைக்கு மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டதும் கீழிருந்து ஏறிய குளிர் நின்றது. ஸ்கூல் யூனிபார்ம் மிச்சக் காக்கித் துணியில் மலர்விழி கெட்டியான பைகள் தைத்தார், இரட்டைத் தையல். டீக்கடை அடுப்பு அணைவதற்கு முன் வீரமுத்து ஒரு சட்டி மணலை வறுப்பார். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பையில் கொட்டிக் கட்டி, போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொண்டால் விடியும் வரை இளஞ்சூடு இருக்கும். நெருப்பும் இல்லை, நீரும் இல்லை. பகலவன் நாலாம் நாள் மப்ளரைக் கழற்றினார். ஆனாலும் படுப்பதற்கு முன் காற்று மூடியைக் கொஞ்சம் இறக்கலாமா என்று தினமும் ஒரு தடவை கேட்பார்.

“மெஷின் மேல சத்தியம் பண்ணிக்கிறீங்க,” என்பார் மலர்விழி.

“கரிக்குத்தான பண்ணன். மூடிக்குப் பண்ணல.”

“மூடிக்கும் சேத்துத்தான்.”

இனி மூன்று நாளின் பாக்கியை ஈடுகட்ட வேண்டியிருந்தது. மலர்விழி விடிந்தால் மெஷினில் உட்கார்ந்தார், விளக்கு வைத்தால் ஹூக் தைத்தார். ஒவ்வொரு ஜாக்கெட்டும் முடிந்ததும் டீக்கடையில் இஸ்திரி ஆகிக் கம்பிக்கு வந்தது. காலைதோறும் சாக்பீஸ் கோடு. ஒரு நாள் கூட மங்கவில்லை. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பதினெட்டாவது ஜாக்கெட் கம்பியில் ஏறியது.

அன்று பனி வழக்கத்துக்கு மேல் ஜாஸ்தி. நாலு மணிக்கே பலாமரம் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து, தலையில் முக்காடும் கையில் டார்ச்சுமாகச் செல்லியம்மாள் வந்தார். இன்னொரு கையில் ஒரு போர்வை.

“இந்தப் பனில எனக்குத் தூக்கம் வராது. இன்னிக்கு இங்கதான் படுக்கப் போறன். துணிக்குக் காவலு.”

“காலைல தரன்னு சொன்னனே, அக்கா.”

“ராத்திரி சொட்டனத நீ காலைல தொடச்சிட்டுக் குடுத்தா எனக்கு எப்டித் தெரியும்? நான் கண்ணால பாக்கணும்.”

மறுக்க வழியில்லை. பகலவன் தன் மணல் மூட்டையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, போர்வையோடு டீக்கடைக்குள் படுக்கப் போனார். ‘கவனம், குழந்தைகள் இறங்குகிறார்கள்’ என்று வீரமுத்துவின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது.

செல்லியம்மாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டார்ச்சைக் கூரையில் அடித்துப் பார்த்தபடியே இருந்தார். மலர்விழிக்கு உள்ளுக்குள் கலக்கம். இதுவரை இத்தனை பனியில் வண்டியைச் சோதித்ததில்லை. அவர் கூரை மூடியை இன்னும் இரண்டு விரல் உயர்த்தினார்.

“எதுக்குத் தொறக்கற? பனி வராதா?” என்றார் செல்லியம்மாள்.

“பனி மேலேந்து எறங்காதுக்கா, நம்ம சூடு அத ஏற வுடாது. உங்க மூச்சு வெளிய போவணும்.”

“எம்மூச்சு இன்னா பண்ணுச்சு உன்ன?”

“போன வருசம் எங்க ரெண்டு பேரு மூச்சுதாங்க்கா உங்க தங்கச்சி முதுவுல விழுந்துது.”

 செல்லியம்மாள் வாயைப் போர்வையால் மூடிக்கொண்டார். மலர்விழி பகலவனின் மணல் மூட்டையை அவர் காலடியில் தள்ளினார். கால் அதைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. டார்ச் வெளிச்சம் கூரையில் ஒரு இடத்தில் அசையாமல் நின்றது. சிறிது நேரத்தில் கையிலிருந்து நழுவியது. மலர்விழி எழுந்து அதை அணைத்துவிட்டுப் படுத்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை. சொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே கிடந்தார். சாக்குக்குப் பின்னால் ஏதோ வழிந்து இறங்கும் மெல்லிய ஓசை கேட்டது. அது சுவருக்குப் பின்னாலேயே போய்விட்டது.

விடிந்தது. பகலவன் வந்து முன்கண்ணாடியைத் துடைத்தார். அன்று ஒரு டம்ளர் நிறைய வந்தது. செல்லியம்மாள் எழவில்லை. வெயில் பலாமரத்துக்கு மேல் வந்தது. எழவில்லை. எட்டு மணிக்கு அவர் மகன் அஜித் பைக்கில் வந்து சேர்ந்தான்.

“எங்கம்மா இங்க வந்துதா? போகிக்கு வூடு வழிக்கணும், எல்லாரும் தேடிக்கினு இருக்கறாங்க.”

மலர்விழி பின்கதவைத் திறந்து காட்டினார். மணல் மூட்டையை இரண்டு பாதத்துக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு செல்லியம்மாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அஜித்துக்கு அம்மா இத்தனை நேரம் தூங்கிப் பார்த்த நினைவில்லை. அவன் கூப்பிட்டான்.

“இருடா, கொஞ்ச நேரம்,” என்றது போர்வை.

பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. சட்டென்று எழுந்து, யாரையும் பார்க்காமல் கம்பியின் பக்கம் போனார். ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து முதுகு, தோள், கை என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். மோந்து பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். பதினெட்டும் ஆக அரை மணி நேரம் ஆயிற்று. மலர்விழி கம்பியில் தொங்கிய வெட்டுத்துண்டை மேசையில் விரித்து, சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

“இழுங்க்கா.”

செல்லியம்மாள் இழுத்தார். கை பழக்கமில்லாததால் கோடு கோணலாகப் போனது. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை வெள்ளையாக இருந்தது. அதை அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“கோடு எனக்குக் கோணலா வந்துருச்சு.”

“கோணலு உங்க கையிலதாங்க்கா. துணில இல்ல.”

செல்லியம்மாள் துணிகளை மடித்து மூட்டை கட்டினார். பைக்கில் ஏறப்போனவர் நின்று, திரும்பி வண்டிக்குள் ஏறினார். வெளியே வந்தபோது இடுப்பில் காக்கித் துணி மூட்டை இருந்தது.

“இதயும் எடுத்துக்கினு போறன்.”

“அது எம்மூட்டங்க,” என்றார் பகலவன்.

“நீங்க கீழ போயிடுவீங்க, உங்களுக்கு எதுக்கு? எங்க வூடு தகர ஷீட்டு. மார்கழி தையில மேலேந்து சொட்டுது.” அவர் மலர்விழியைப் பார்த்தார். “பொங்க முடிஞ்சி கல்யாணத்துக்கு வருவல்ல? வரப்போ அந்த அளவு நாடாவ எடுத்துக்கினு வா.”

பைக் பனி கலைந்த சாலையில் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் ஜாக்கெட் மூட்டையை மடியில் வைத்திருந்தார். மணல் மூட்டையை மார்போடு அணைத்திருந்தார்.

 பகலவன் வண்டியில் ஏறி, கூரை மூடியை இறக்கிப் பூட்டி, மலையிறங்கச் சாவியைத் திருப்பினார். பக்கத்து இருக்கையில் மலர்விழி செய்தித்தாளை மடியில் விரித்து, தகர வீட்டுக் கூரை எப்படிச் சரிந்திருக்கும் என்று பென்சிலால் வரையத் தொடங்கியிருந்தார்.